ஊதா முத்திரைக்கு அடியில் ஒரு பெயர்

போன மாதம் நித்யா என்ற பெண் என் வீட்டைத் தேடி வந்தாள். தாம்பரத்தில் நான் வேலை பார்த்த கல்லூரியில் இப்போது அவள்தான் நூலகர். புத்தகங்களுக்கெல்லாம் கோடு போட்ட ஸ்டிக்கர் ஒட்டியாயிற்றாம். இனி முத்திரையே கிடையாதாம். பழைய நீள்வட்ட ரப்பர் முத்திரையை வெல்வெட் பெட்டியில் வைத்து, ரிப்பன் கட்டி என் கையில் கொடுத்தாள். முப்பத்தைந்து வருஷம் அதைப் பிடித்த கைக்கு மரியாதையாம்.

"நம்ம காலேஜ் மலருக்கு ஒரு கட்டுரை எழுதிக் குடுங்க சார். உங்க சர்வீஸ்ல மறக்க முடியாத விஷயமா இருக்கட்டும். ஜூனியர்ஸுக்கு ஒரு இன்ஸ்பிரேஷனா இருக்கும்."

இன்ஸ்பிரேஷனாம்! பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு உடனே மூடினேன். அந்தப் பெண்ணுக்கு என்ன தெரியும், பாவம். காபி கொடுத்து வழியனுப்பும்போது வாசலில் வைத்து ஒன்றே ஒன்று கேட்டேன்.

"எழுபதுகள்ல போட்ட கழிவுக் கோப்பெல்லாம் இன்னும் இருக்காம்மா?"

"அதையா? கரையான் தின்னது போக மிச்சம் மழைத்தண்ணில ஊறிப் போச்சு சார். நான் வர்றதுக்கு முன்னாடியே எடைக்குப் போட்டுட்டாங்க" என்று சிரித்தாள்.

சரி, எழுதித் தருகிறேன் என்று சொன்னேன். இதோ எழுதுகிறேன். மலரில் போடுவதும் கிழித்துப் போடுவதும் அவர்கள் இஷ்டம்.

நான் பம்மல்காரன். அப்பா தோல் கிடங்கில் சுண்ணாம்புத் தொட்டியில் நின்றவர். காலெல்லாம் வெந்து போயிருக்கும். எங்கள் வீட்டில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து வேலை பார்த்த முதல் ஆள் நான்தான். அறுபதுகளின் நடுவில் நூலகச் சான்றிதழ்ப் படிப்பை முடித்த கையோடு அந்தக் கல்லூரியில் உதவியாளனாகச் சேர்ந்தேன். குரோம்பேட்டையில் ரயில் ஏறித் தாம்பரத்தில் இறங்குவேன். என் சட்டையில் தோல் நாற்றம் வீசுகிறதோ என்று முதல் ஆறு மாதம் யார் பக்கத்திலும் நெருங்கி நிற்க மாட்டேன். இரண்டு வருஷம் புரொபேஷன். அதற்குள் சறுக்கினால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அப்பாவுக்கு இருமல் ஆரம்பித்திருந்தது. தினமும் காலையில் நான் கிளம்பும்போது, "ஒழுங்கா இருடா" என்று மட்டும் சொல்வார்.

எங்கள் நூலகர் செல்லையா சார் திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர். நல்ல உயரம். வெள்ளைக் கைக்குட்டையை நான்காக மடித்து இடது உள்ளங்கையில் வைத்திருப்பார். புத்தகத்தைத் தொடுமுன் விரல்களை அதில் ஒற்றிக்கொள்வார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. யாரையும் ஒருமையில் கூப்பிட மாட்டார். இருபத்திரண்டு வயதுப் பொடியன் என்னையே 'மிஸ்டர் முருகேசன்' என்பார். கோபம் வந்தால் மட்டும் 'மிஸ்டர்' போய்விடும். என்ன சிக்கல் வந்தாலும் ஒரே கேள்விதான்: "ரூல் என்ன சொல்லுது?"

ரூல் சொல்வதை நானும் சொல்கிறேன், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது உங்களுக்குப் புரியாது. வந்த புத்தகத்தைச் சேர்க்கைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். பதிவேட்டின் பக்கங்களில் எண் அச்சடித்திருக்கும். அடித்தல், சுரண்டல் எதுவும் கூடாது. எண் விழுந்த பொருள் அதன் பிறகு கல்லூரியின் சொத்து. அடுத்து முத்திரை. தலைப்புப் பக்கத்தில் ஒன்று, ரகசியப் பக்கத்தில் ஒன்று. ரகசியப் பக்கம் என்றால் ஒவ்வொரு நூலகமும் தனக்கென்று வைத்துக்கொள்ளும் ஒரு பக்க எண். திருடன் முதல் பக்கத்தைக் கிழித்தாலும் அது காட்டிக் கொடுத்துவிடும். அன்பளிப்பாக வந்த புத்தகத்துக்கு இன்னும் ஒரு ரூல் உண்டு. பழைய சொந்தக்காரரின் பெயர் எழுதியிருந்தால் அந்தப் பெயரின் மேலேயே முத்திரை விழ வேண்டும். நாளைக்கு யாரும் உரிமை கொண்டாடி வரக் கூடாதல்லவா? தப்பாக ஏற்றிவிட்டால் நூலகர் சிவப்பு மையில் கோடிட்டுக் கையெழுத்துப் போடுவார். ஏற்றியவருக்கு மெமோ வரும். எனக்கு முன்னால் என் நாற்காலியில் இருந்தவரைப் புரொபேஷனிலேயே மூன்று சிவப்புக் கோட்டுக்காக வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சேர்ந்த முதல் நாளே அந்தக் கதையைச் சொல்லி என்னை நடுங்க வைத்தவன் பியூன் கோவிந்தன்.

என் இரண்டாம் வருஷக் கடைசியில் எங்கள் கல்லூரியில் இருந்த வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவர் ஓய்வு பெற்று ஊருக்குக் கிளம்பினார். போகுமுன் வாசிப்புக் கூடத்தில் ஓவியக் கண்காட்சி ஒன்று வைத்தார். தன்னிடமிருந்த படங்கள் போதாமல் தெரிந்தவர்களிடமும் இரவல் கேட்டிருந்தார். அப்படித்தான் எஸ்தர் டீச்சர் வந்தார். சேலையூர்ப் பக்கம் தனியாக இருந்தவர். பெண்கள் பள்ளியில் பூகோளம் நடத்துபவர். கஞ்சி போட்ட வெள்ளைப் புடவை, கையில் ஓர் அட்டைக் குழாய். அதற்குள்ளிருந்து படத்தை உருவி என் மேஜையில் விரித்தார்.

இரண்டடி உயரம் இருக்கும். தடித்த காகிதம், நான்கு ஓரமும் கத்தி படாமல் பிசிறு பிசிறாக இருந்தது. மேலே வலப்பக்கம் ஒரு சிவப்பு வட்டம், சரியான வட்டம்கூட இல்லை. குறுக்கே தார் பூசும் பிரஷ்ஷால் இழுத்த மாதிரி ஒரு கறுப்புக் கோடு. அதன் கீழே மஞ்சள் திட்டு, ஓரத்தில் கொஞ்சம் நீலம். மனிதன் இல்லை, மரம் இல்லை, ஒன்றுமே இல்லை.

எட்டிப் பார்த்த கோவிந்தன், "இன்னாபா இது? காக்கா காலை மையில தோச்சி நடக்க வுட்ட மாதிரி கீது" என்றான்.

டீச்சர் கோபித்துக்கொள்ளவில்லை, சிரித்துவிட்டார். "என் தம்பி தாவீது பாரிஸ்ல கல் அச்சுக்கூடத்துல வேலை பார்த்தான். கல்லு மேல கொழுப்பு மையால வரைஞ்சு அச்சு எடுப்பாங்க. ஒரு நிறத்துக்கு ஒரு கல்லு. இதுக்கு நாலு கல்லு. முடிஞ்சதும் கல்லைத் தேய்ச்சு அழிச்சுடுவாங்க, திரும்ப எடுக்க முடியாது. இதை வரைஞ்சவர் கட்டலான், ஸ்பெயினுக்குள்ளயே தனி மொழி பேசறவங்க. ஸ்பெயின்காரர்னு சொன்னா அந்த மனுஷனுக்கு மூக்கு மேல கோபம் வரும்னு தாவீது எழுதுவான். நம்மளப் பாத்து வெளியூர்க்காரங்க நீங்கல்லாம் இந்தி பேசறவங்கதானேன்னா நமக்கு வராதா, அந்த மாதிரி."

கீழ் ஓரத்தில் பென்சிலில் ஓவியரின் கையெழுத்து. அதற்குப் பக்கத்தில் தமிழில், ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதியதுபோல் கோணல் மாணலாக, 'தாவீது' என்று இருந்தது. "உன் பேரை உன் எழுத்துல எழுதிக் காட்டுன்னு கேட்டு, அதைப் பாத்துப் பாத்து வரைஞ்சாராம். பெரிய ஆளு தம்பி அவர். அச்சுக்கூடத்துத் தொழிலாளிக்கு அப்படிச் செஞ்சிருக்கார்." அதற்கு அடுத்த குளிர்காலம் தாவீது நெஞ்சில் சளி கட்டி அங்கேயே இறந்து போனான். கல்லறையை டீச்சர் பார்த்ததில்லை. ஊருக்கு வந்து சேர்ந்தது ஒரு கோட்டும் இந்தப் படமும்தான்.

"பத்திரம் தம்பி. கண்காட்சி முடிஞ்சதும் நானே வந்து வாங்கிக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். 'எஸ்தர் டீச்சர், இரவல், திருப்பித் தரவும்' என்று ஒரு சீட்டில் எழுதிப் படத்தோடு குண்டூசி குத்தி வைத்தேன்.

கண்காட்சி முடிந்தது. படங்களைச் சுவரிலிருந்து இறக்கியவர்கள் எல்லாவற்றையும் ஒரே கட்டாக என் மேஜையில் போட்டார்கள். பேராசிரியர் அன்பளிப்பாக விட்டுப்போன புத்தகங்களும் படங்களும் அதே மேஜையில் மலையாகக் கிடந்தன. என் வேலையை நிரந்தரமாக்கும் ஆய்வுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. அதற்குள் அத்தனையையும் ஏற்றிக் காட்டிவிட வேண்டும் என்று வெறி. எண் போடு, பதிவேட்டில் எழுது, பழைய பெயரைத் தேடு, அதன் மேல் குத்து. கை பழகிவிட்டால் மூளை தூங்கப் போய்விடுகிறது. ஒரு தடித்த காகிதம் வந்தது. கீழே பென்சிலில் ஒரு பெயர். பழைய சொந்தக்காரர் போலும் என்று முத்திரையை வைத்து அழுத்தினேன். மங்கலாக விழுந்தது. மையில் நன்றாக ஒற்றி அதே இடத்தில் இன்னொரு தரம் அழுத்தினேன். மை உலரக் காகிதத்தைத் திருப்பியபோது பின்பக்கத்தில் ஏதோ விரலில் தட்டுப்பட்டது. பென்சிலை அவ்வளவு அழுத்தி எழுதியிருந்ததால் எழுத்து பின்னால் புடைத்திருந்தது. அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து மேஜைக் காலடியில் அந்தச் சீட்டைப் பார்த்தேன். குண்டூசியோடு கிடந்தது.

உடனே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தேன்? செல்லையா சாரின் அறை பத்தடி தூரம். ஆனால் ஒரு சிவப்புக் கோடு, ஒரு மெமோ, அப்பாவின் இருமல், எல்லாம் கண் முன்னால் வந்து நின்றன. நிரந்தரமானதும் சொல்லிக்கொள்ளலாம் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். சீட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய், சாயந்திரம் தாம்பரம் ஸ்டேஷன் மேம்பாலத்தில் நின்று சுக்கு நூறாகக் கிழித்துத் தண்டவாளத்தில் போட்டேன். வேலை நிரந்தரமாயிற்று. அப்பா கோவிலில் தேங்காய் உடைக்கக் குன்றத்தூர் மலை ஏறினார். நான் சொல்லவில்லை.

படத்தை டீச்சர் அன்றே கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்குமோ. செல்லையா சாருக்கு அந்தப் படம் பிடித்துப்போய், கல்லூரித் தச்சரிடம் சட்டம் போடச் சொல்லித் தன் அறையில் மாட்டியிருந்தார். சட்டத்தின் அகலமான அட்டை கீழ் ஓரத்தை மறைத்துவிட்டது. செல்லையா சார் இல்லாத நேரத்தில் வாங்கிப் போக வந்த டீச்சர் அறை வாசலில் நின்றே எட்டிப் பார்த்து, "அட, அழகா சட்டம் போட்டு வெச்சிருக்கீங்களே! கொஞ்ச நாள் இங்கயே இருக்கட்டும் தம்பி. நாலு பசங்க பாப்பாங்க. வீட்ல யார் இருக்கா பாக்கறதுக்கு?" என்றார். எனக்கு உயிர் வந்தது. தப்பித்தோம் என்று நினைத்தேன். வெட்கம் கெட்ட ஜென்மம்.

ஆறு வருஷம் அப்படியே போயிற்று. எனக்குக் கல்யாணம் ஆனது, குழந்தை பிறந்தது. எழுபதுகளின் தொடக்கத்தில் ஒருநாள் டீச்சர் நூலகத்துக்கு வந்தார். வீட்டு வேலைக்கு இருந்த அஞ்சலையின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். சர்க்கரை நோய் கண்ணில் இறங்கிவிட்டதாம். பள்ளியில் முன்கூட்டியே ஓய்வு கொடுத்துவிட்டார்கள். உறுப்பினர் அட்டையைத் திருப்பிக் கொடுக்கத்தான் வந்திருந்தார். செல்லையா சாரின் அறைக்குள் நுழைந்தவர் நடுவிலேயே நின்றுவிட்டார்.

"அஞ்சல, அந்தச் செவத்துல செவப்பா இருக்குல்ல?"

"ஆமாம்மா. அதுக்குக் கீழ கறுப்பா ஒண்ணு கோடு வுட்டுக்கினு கீது."

"தெரியுது" என்றார் டீச்சர். பிறகு செல்லையா சாரிடம் சொன்னார்: "எனக்கு மூஞ்சிகூடத் தெரியல சார். உங்க முகம் புகை மாதிரி இருக்கு. எழுத்து போயிடுச்சு. போட்டோவெல்லாம் போயிடுச்சு. இது தெரியுது. செவப்பு, கறுப்பு, மஞ்சள், எல்லாம் இருந்த இடத்துல இருக்கு. நான் வீட்டுக்குக் கொண்டு போயிடறேன்."

செல்லையா சார் நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்கார வைத்தார். கைக்குட்டையில் விரலை ஒற்றிக்கொண்டு பதிவேட்டைப் புரட்டினார். "டீச்சர், இது பேராசிரியரோட அன்பளிப்புன்னு ஏறியிருக்கு. நம்பர் இருக்கு. இதை நான் எடுத்துக் குடுக்க முடியாதே."

"அன்பளிப்பா? இரவல் குடுத்தேன் சார்! என் தம்பி பேரு தமிழ்ல எழுதியிருக்கும், பாருங்க."

செல்லையா சார் சட்டத்தைக் கழற்றச் சொன்னார். நான்தான் கழற்றினேன். கீழ் ஓரத்தில் என் இரட்டை முத்திரை ஊதாப் புண்ணாக இருந்தது. செல்லையா சார் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். "பென்சில்ல ஏதோ இருக்கு. முதல் எழுத்து 'தா' மாதிரி இருக்கு. மத்தது மைக்குள்ள போயிடுச்சு." ஊருக்குப் போன பேராசிரியருக்குக் கடிதம் போட்டுக் கேட்கலாம் என்றால், அவர் இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது.

"நான் இந்தத் தம்பி கையிலதான் குடுத்தேன். அவரையே கேளுங்க" என்றார் டீச்சர், நான் இருந்த திசையில் கையைக் காட்டி.

செல்லையா சார் என்னைப் பார்த்தார். "மிஸ்டர் முருகேசன், இதை ஏத்தினது நீங்க. உங்க கையெழுத்து இருக்கு. அவங்க சொல்றது சரியா?"

இந்த இடத்தில் எனக்கு ஒரு சாக்கும் கிடையாது. வேலை நிரந்தரம். ஆறு வருஷத்துக்கு முந்திய தப்புக்கு யாரும் என்னை வெளியே தள்ளப் போவதில்லை. அதிகம் போனால் ஒரு மெமோ. ஆனால் இத்தனை நாள் மறைத்தாயே என்ற ஒரு பார்வையை அவர் பார்ப்பார், 'மிஸ்டர்' போய்விடும். அதற்குப் பயந்தேன். அவ்வளவுதான் காரணம். எழுதவே கை கூசுகிறது.

"ஞாபகம் இல்ல சார்" என்றேன்.

கண் தெரியாவிட்டாலும் டீச்சர் என் முகம் இருந்த இடத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். செல்லையா சார்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நீங்க எப்ப வேணும்னாலும் இங்க வந்து பாருங்க டீச்சர். உங்களுக்கு நாற்காலி போட்டு வைக்கறேன்" என்றார். சொன்னபடி போட்டும் வைத்தார்.

அதற்குப் பிறகு வியாழக்கிழமைதோறும் அவர் வர ஆரம்பித்தார். சேலையூரிலிருந்து ரிக்‌ஷாவில், அஞ்சலையோடு. என் கவுண்டரைத் தாண்டித்தான் போக வேண்டும். அரை மணி நேரம் படத்துக்கு எதிரே உட்கார்ந்திருப்பார். வாரத்துக்கு வாரம் நாற்காலி சுவரை நெருங்கிக்கொண்டே போனது. கடைசியில் மூக்கு படத்தின் கண்ணாடியில் இடிக்கிற தூரத்துக்கு வந்துவிட்டது. வியாழக்கிழமை வந்தாலே எனக்குச் சோறு இறங்காது. லீவு போட்டும் பார்த்தேன். வீட்டில் உட்கார்ந்திருந்தால் இன்னும் மோசம்.

"அந்தம்மா இன்னாத்துக்குபா வாராவாரம் வந்து செவுத்தைப் பாத்துகினு கீது? பேஜாரா கீதுபா" என்றான் கோவிந்தன். எனக்கு இருந்த ஆத்திரத்தில் அவன் மேல் எரிந்து விழுந்தேன். அவன் என்ன பண்ணுவான்?

ஒன்றரை வருஷம் கழித்து அதுவும் நின்றது. காலில் புண், படி இறங்க முடியவில்லை என்று அஞ்சலை வந்து சொன்னாள். மாதம் ஒருமுறை அவள் மட்டும் வருவாள். "அந்தப் படத்தைத் தருவாங்களான்னு டீச்சரம்மா கேக்கச் சொன்னாங்க" என்பாள். செல்லையா சாரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று அனுப்பிவிடுவேன். அவரிடம் கேட்க மாட்டேன்.

அப்புறம்தான் எனக்கு ஒரு யோசனை வந்தது. கோழையின் மூளைக்குக் குறுக்கு வழிதானே தோன்றும். சில வருஷங்களுக்கு ஒருமுறை நூலகத்தில் கழிவுப் பட்டியல் போடுவார்கள். பூச்சி அரித்தது, பைண்டு போனது எல்லாம் அதில் சேரும். மூன்று பேர் கமிட்டி கையெழுத்துப் போட்டதும் எண் அடிபடும்; பொருள் எடைக்குப் போகும். அந்த வருஷ மழையில் செல்லையா சாரின் அறைச் சுவர் ஓதமேறிப் படத்தின் மேல் மூலையில் விரல் அகலத்துக்குப் பூஞ்சை பிடித்திருந்தது. நான் 'கடும் சேதம், பயன்பாட்டுக்கு உரியதல்ல' என்று எழுதிப் பட்டியலில் சேர்த்தேன். பட்டியல் தேறியதும் எடைக்கட்டிலிருந்து படத்தை உருவி, கமுக்கமாக டீச்சர் வீட்டில் சேர்த்துவிடலாம். யாருக்கும் எதையும் சொல்ல வேண்டியதில்லை.

கமிட்டி கையெழுத்துப் போட்டது. மறுநாள் காலை செல்லையா சார் என்னைக் கூப்பிட்டார். மேஜை மேல் செய்தித்தாள் விரித்து அதன் மேல் படத்தை வைத்திருந்தார். பக்கத்தில் எஃகு ரூலர், புது பிளேடு, கோந்துப் புட்டி, கழிவுக் கோப்பு.

"வெளிய போற பொருள்ல காலேஜ் முத்திரை இருக்கக் கூடாது, மிஸ்டர் முருகேசன். புத்தகம்னா தலைப்புப் பக்கத்தையும் ரகசியப் பக்கத்தையும் எடுத்துடறோம். இதுக்கு ஒரே பக்கம்தான்."

கைக்குட்டையில் விரல்களை ஒற்றிக்கொண்டார். ரூலரை முத்திரைக்கு மேலே கால் அங்குலம் விட்டு வைத்தார். சரியாக இருக்கிறதா என்று இரண்டு பக்கமும் குனிந்து பார்த்தார். கறுப்புக் கோட்டில் படாமல் இருக்கக் கொஞ்சம் கீழே இறக்கினார். சார், வேண்டாம் சார், அது அவர் தம்பியின் பெயர் என்று ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். பிளேடு இறங்கியது. தடித்த காகிதம் ஆதலால் ஒரே இழுப்பில் வரவில்லை. மூன்று தரம் இழுத்தார். ஒவ்வொரு இழுப்புக்கும் நடுவில் எனக்கு நேரம் இருந்தது.

கையெழுத்து, பெயர், முத்திரை எல்லாம் சேர்ந்து ஒரு நீளத் துண்டாக வந்தது. அதன் பின்பக்கம் கோந்து தடவிக் கோப்பில் ஒட்டி, வரிசை எண் எழுதினார். பிறகு படத்தைச் சுருட்டி நூல் கட்டி என்னிடம் நீட்டினார்.

"இதை எஸ்தர் டீச்சர் வீட்ல குடுத்துடுங்க. எடைக்குப் போக வேண்டாம், நான் எழுதிக்கறேன்."

அவர் பிளேடைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அவங்க பொய் சொல்றவங்க இல்லன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். ஏத்தினவர் ஒரு வார்த்தை, தப்பா ஏத்திட்டேன்னு சொன்னா, சிவப்புக் கோடு போட்டு முழுசா அப்பவே குடுத்திருப்பேன். ரூல்ல அதுக்கு இடம் இருக்கு. உங்களுக்கு ஞாபகம் இல்லன்னுட்டீங்க. என்ன செய்ய?"

அவர் என்னைச் சந்தேகப்பட்டாரா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் கண்ணைப் பார்க்க எனக்குத் தைரியம் இருக்கவில்லை.

அந்தத் துண்டை மீட்க நான் பட்ட பாட்டை இப்போதே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொல்ல எனக்குத் தெம்பு இருக்காது. டீச்சர் வீட்டுக்குப் போய்விட்டு வந்த மறுநாள் செல்லையா சாரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். "எழுதிக் குடு முருகேசன்" என்றார். மிஸ்டர் போய்விட்டது. எழுதிக் கொடுத்தேன். ஆனால் கோப்பு அதற்குள் கல்லூரி அலுவலகத்துக்குப் போய்விட்டது. தணிக்கை முடியாமல் கோப்பில் ஒட்டியதைப் பிரிக்க முடியாது என்றார்கள். தணிக்கை முடிவதற்குள் டீச்சர் போய்விட்டார். வாங்கிக்கொள்ள ஆள் இல்லாத துண்டை யார் பிரித்துக் கொடுப்பார்கள்? கோப்போடு அலமாரிக்குப் போயிற்று. மிச்சத்தைத்தான் நித்யா சொல்லிவிட்டாளே.

செல்லையா சார் படத்தைக் கொடுத்த அன்று சாயந்திரமே சேலையூருக்குப் போனேன். அஞ்சலை கதவைத் திறந்தாள். "ரெண்டு மாசமா சுத்தமா தெரியல சார். வெளிச்சம் இருட்டுகூடத் தெரியல" என்று வாசலிலேயே கிசுகிசுத்தாள். அந்தச் சிவப்பை அவர் பார்க்கத்தானே இத்தனையும் செய்தேன்! திரும்பிப் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். அதற்குள், "லைப்ரரிலேர்ந்து படம் எடுத்துகினு வந்துகீறாரும்மா" என்று அவள் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்துவிட்டாள்.

டீச்சர் ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தார். பாதத்தில் கட்டுப் போட்டிருந்தது. அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் எப்படி எழுதுவேன்! இரண்டு கையையும் நீட்டினார். நான் பேசாமல் நூலை அவிழ்த்துப் படத்தை மடியில் விரித்தேன். அவர் விரல்கள் மேல் ஓரத்தின் பிசிறைத் தொட்டன. இடப்பக்கம் இறங்கின, வலப்பக்கம் இறங்கின. கீழ் ஓரத்துக்கு வந்ததும் நின்றன. அங்கே பிசிறு இல்லை. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இரண்டு தரம் தடவிப் பார்த்தார்.

"கீழ வெட்டியிருக்கா?"

"ஆமா டீச்சர்" என்றேன்.

அவர் முகம் நிமிர்ந்தது. "ஞாபகம் இல்லன்னு சொன்ன தம்பிதானே நீ?"

அந்த மூன்று சொல்லை ஒரே ஒருதரம் கேட்டவர், இரண்டு வருஷத்துக்கு மேல் அந்தக் குரலை வைத்திருந்திருக்கிறார். "நான்தான் டீச்சர்" என்றேன். அப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன். சீட்டு, முத்திரை, மேம்பாலம், பிளேடு, எல்லாம். சொல்லி முடிக்க ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

"அப்ப அன்னைக்கு ஞாபகம் இருந்துச்சு."

"இருந்துச்சு டீச்சர்."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "செவப்பு எங்க இருக்கு? காட்டு" என்றார். அவர் விரலைப் பிடித்துச் சிவப்பு வட்டத்தின் மேல் வைத்தேன். வட்டத்தைச் சுற்றித் தடவினார். பிறகு கறுப்புக் கோட்டின் மேல் கொண்டுபோனேன். அங்கேயும் தடவினார்.

"ஒண்ணும் தெரியல. தெரியாதுன்னு எனக்குத் தெரியும். கல்லுல அடிச்ச மை மேல நிக்காது, வழவழன்னுதான் இருக்கும்னு தாவீது எழுதியிருக்கான்." விரலை எடுத்துவிட்டார். "நான் அஞ்சலையை மாசாமாசம் அனுப்பினது படத்துக்காக இல்ல தம்பி. கண்ணு போறது போறதுதான், படம் எதுக்கு எனக்கு? அந்த மனுஷன் பென்சிலை அழுத்தி அழுத்தி எழுதியிருந்தார். அதுல அவன் பேர் ஒண்ணுதான் தடவினா தெரியும்."

எனக்குத் தெரியும். அந்த எழுத்து முதலில் என் விரலில்தான் தட்டுப்பட்டது.

அஞ்சலை காபி கொண்டுவந்து வைத்தாள். "குடிச்சிட்டுப் போ தம்பி" என்றார் டீச்சர். குடித்தேன்.